முக்கால் டன்

முன்னங்கால் இரண்டும்
நெடுஞ்சாலைத் துறையின் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே.
பின்னங்கால் காப்புக்காட்டின் எல்லைக்கல்லைத் தாண்டி.
வயிறு மட்டும்
எங்கள் ஊராட்சியின் குடிநீர்க் குழாய்மேல்.

குப்பனூர் பாதையில் விடிகாலை ஐந்தரைக்கு
பால்வண்டிக்காரர் முதலில் பார்த்தார்.
அடித்த லாரி அதற்குள் அயோத்தியாப்பட்டணம் தாண்டியிருக்கும்.
உடைந்த கொம்பொன்று பத்தடி தள்ளி,
யாரோ மறந்துபோன அரிவாள் மாதிரி.

தலைவரம்மா, வந்து பாருங்க என்றார்கள்.
போனேன்.
கண் திறந்திருந்தது. அதன்மேல் பனி.

வனக்காப்பாளர் இளம்பரிதி டேப் இழுத்து அளந்தார்.
‘தொடக்கூடாதும்மா. முதல் அட்டவணை.
டெல்லியில போட்ட சட்டம்.’
நெடுஞ்சாலைப் பொறியாளர் போனில்:
‘தார் எங்களுது. மாடு காட்டோடது.’
கால்நடை மருத்துவர் ஓமலூர் முகாமில்.
ரேஞ்சர் கூட்டத்தில்.
எந்தக் கூட்டம் என்று கேட்டால் அதற்கும் ஒரு கூட்டம்.

எங்கள் செயலர் ஞானப்பிரகாசம் விவரமானவர்.
பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து சொன்னார்:
காடும் காட்டு விலங்கும் முன்னே மாநிலத்திடம் இருந்தன,
எழுபத்தாறில் பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டன.
பொது என்றால் அவங்க ரெண்டு பேருக்கும்.
‘நாம?’ என்றேன்.
‘நமக்குன்னு தனியா இருபத்தொன்பது இருக்கும்மா.’
விரல்விட்டு எண்ணினார்.
சிறுபாசனம், மீன், கறவை மாடு, கோழி...
கோழியிலேயே நின்றுவிட்டார்.

பத்து மணிக்கு வெயில் ஏறியது.
வயிறு உப்பத் தொடங்கியது.
ஈக்கு எல்லைக்கல் தெரியாது என்று எழுதலாம்தான்.
ஆனால் ஈக்கள் எல்லைக்கல்லில்தான் அதிகம் மொய்த்தன.
ரத்தம் அங்கேதான் தெறித்திருந்தது.

குழாய் எந்நேரம் விரிந்ததோ தெரியவில்லை.
மேலே மூன்று குக்கிராமத்திலிருந்தும் போன்.
யாருடைய மாடு என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
தண்ணி எப்போ?
அவ்வளவுதான்.

மூன்றரைக்கு மருத்துவர் வந்தார்.
கையுறை, கத்தி, ஒரு நீல வாளி.
வயிற்றைத் திறந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
உள்ளே கன்று.
குளம்பு இன்னும் வெளுப்பாக,
ஊறவைத்த பயறுபோல மெத்தென்று.

வனத்துறைப் படிவத்தில் ‘எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம்.
இளம்பரிதியின் பேனா அதன்மேல் நின்றது.
காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் மேலே போன் போட்டவர்
இதற்குப் போடவில்லை.
இரண்டு என்று எழுதினார்.

மாதேஸ் ஜேசிபியைக் கொண்டுவந்தான்.
கோட்டச்சேடு கடையில் நாலு மூட்டை உப்பு.
‘உப்புகூட மத்தியப் பட்டியல்தான், தெரியுமா’ என்றார் செயலர்.
சிரித்துவிட்டேன்.
அந்த நாற்றத்தில் சிரித்திருக்கக் கூடாது,
வாயெல்லாம் நாற்றம்.

குழி காட்டுக்குள் வெட்டணும்.
காட்டுக்குள் ஜேசிபி போகக் கூடாது.
இளம்பரிதி திரும்பி நின்றுகொண்டு
ஒரு சில்வர் ஓக் மரத்தை
வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.
மாதேஸ் உள்ளே போனான்.

ஐயாயிரத்து அறுநூறு ரூபாய்.
எந்தத் தலைப்பில் எழுதுவது?
தெருவிளக்கிலா, துப்புரவிலா?
தணிக்கையில் வருவான் ஒருத்தன், சிவப்பு மையோடு.
காசோலைக்கு என் கையெழுத்து போதாது,
துணைத் தலைவரும் போடணும்.
அவர் வாழப்பாடி ஆஸ்பத்திரியில்,
மகளுக்கு இடுப்பு வலி கண்டிருக்கிறது.

சைக்கிள் ட்யூபை வெட்டி
குழாய் மூட்டில் இறுக்கிக் கட்டினோம்.
அது யார் அதிகாரம் என்று யாரும் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு மேட்டில் தண்ணீர் வந்தது.
குடங்கள் வரிசையில் இருந்தன.
முதல் குடம் பிடிக்க
ஒருத்தியும் முன்னே வரவில்லை.
கொஞ்ச நேரம் ஓட விட்டோம்.