கூட்டுப் பெருங்காயம்

ஏழு வருஷம் இரும்பு மாத்திரை.
"ரத்தமில்ல, கீரை தின்னு" என்றது கோத்தகிரி முழுக்க.
கோயம்புத்தூரில் குழாய் விட்டு எடுத்த படத்தில்
என் குடல்
கவ்வாத்து வெட்டிய தேயிலைச் சரிவு.
"துளிர்க்கும். கோதுமையை அடியோடு நிறுத்துங்க."

வீட்டுக்காரர் வர்க்கி சுடுகிறவர்.
மைதா படிந்த சட்டையை
வெளியிலேயே கழற்றிவிட்டு
பனியில் நடுங்கிக்கொண்டு உள்ளே வருவார்.
அப்படியும் வயிறு அடங்கவில்லை.
சோறும் ரசமும்தானே தின்றேன்?

ஆறாம் மாசம் ஒரு ராத்திரி
பெருங்காயப் பொடியை
இரண்டு விரலில் தேய்த்தவர் அப்படியே நின்றார்.
"பிலோமி, இது மாவு."
டப்பாவின் பொடியெழுத்தும் அதையே சொன்னது.

அன்று சிரித்தோமா, அழுதோமா, ஞாபகமில்லை.
இப்போது ரசத்துக்குப் பூண்டு இரண்டு பல் கூடுதல்.
மணம் போதாதுதான்.

நேற்று மத்தியானம்
பசித்தது.