பூச்சிபொட்டு

புகார் எண் பதினேழு. நளாயினி சுப்பராயன்,
மூன்றாம் மாடி, புக்கிட் பாஞ்சாங்.
"கால்வாய் ஓரம் புல் முழங்காலைத் தொடுகிறது.
பூச்சிபொட்டு வீட்டுக்குள் வருகிறது.
நகர மன்றம் தூங்குகிறதா?"

தூங்கவில்லை, அம்மா.
பூத்து விதைக்கும்வரை வெட்டக் கூடாதென்று
கையெழுத்திட்டவள் நான்தான்.
பதிலில் இதைச் சொல்லவில்லை.
"தங்கள் கருத்துக்கு நன்றி" என்று தொடங்கி
மூன்று பத்தி எழுதினேன்,
ஒன்றிலும் நான் இல்லை.

பூச்சி சரி.
பொட்டு எது?
அன்றிரவு ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு
ஒரு நிலையம் தாண்டிப் போய்விட்டேன்.
பறப்பது ஊர்வது தத்துவது
எல்லாவற்றையும் ஒன்றாய்க் கூட்டி
வாசலுக்கு வெளியே தள்ளும் விளக்குமாறு
அந்தச் சொல்.

திங்கட்கிழமை மொஃபிசுல் வந்தான்,
தோளில் இயந்திரம், கண்ணில் வலைக்கண்ணாடி.
"வெட்டவா, மேடம்?"
"வேண்டாம்."
"அடுத்த வாரம்?"
"அடுத்த வாரமும்."
பதினோரு வருடம் இந்தத் தீவைச் சிரைத்தவன்,
சும்மா இருக்கவும் உத்தரவு வருமா என்று சிரித்தான்.
பிறகு தயங்கி, விளக்குக் கம்பத்தடிக்குக் கூட்டிப்போனான்.
ஒரு தண்டில் காய்ந்த நுரைபோல்
கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு.
"இதைச் சுற்றித்தான் வெட்டுவேன். எப்போதும்."

எத்தனை முறை மீறியிருக்கிறான்
நான் போட்ட அட்டவணையை!
எந்த அறிக்கையிலும் ஏறாத
ஒரு சாண் சரணாலயம்.

வெள்ளி இரவு
படுக்கை விரிப்பைக் கயிற்றில் கட்டி
பின்னால் விளக்கு வைத்தேன்.
வெட்டிய பக்கம், ஒரு மணி நேரம்:
நான்கு. அதில் ஒன்று கொசு,
அது எனக்காக வந்தது.

வெட்டாத பக்கம்:
மரப்பட்டையாக நடிக்கும் அந்து,
துணியைக் குளமென்று நம்பிய நீர்வண்டு,
அரிசியளவு பச்சையில் ஒரு நாவாய்ப்பூச்சி,
தன் மீசையைவிடச் சிறிய வெட்டுக்கிளி.
மற்றதற்குப் பெயர் தெரியவில்லை.
தெரியவில்லை ஒன்று, தெரியவில்லை இரண்டு என்று
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போய்
இருபத்து மூன்றில் பேனா தீர்ந்தது.

செருப்புச் சத்தம்.
கைப்பேசி வெளிச்சத்தோடு ஒரு பெண்மணி.
"பதினேழுக்குப் பதில் போட்டது நீங்கதானா?"

அந்த நேரம் பார்த்து
உள்ளங்கை அகலத்தில் ஒன்று வந்து இறங்கி
சிறகு விரித்தது.
ஒவ்வொரு சிறகிலும் வட்டமாய்,
நடுவில் இட்டதுபோல்,
பொட்டு.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கடிக்குமா?"
"இதற்கு வாய் வேலை செய்யாது. புழுவாக இருந்தபோது தின்றதுதான்.
இனி சில நாள், ஜோடி தேடி, முட்டையிட்டு, அவ்வளவுதான்."
"ஐயோ பாவம்" என்றார். உடனே குரலைத் திருத்திக்கொண்டு,
"இருந்தாலும் நடைபாதை ஓரமாச்சும் வெட்டுங்க.
கேக்க ஆளில்லாத இடம் மாதிரி இருக்கு."

பத்து வருடத் திட்ட அறிக்கைகளில்
இவ்வளவு தெளிவாய் யாரும் சொன்னதில்லை.

மறுவாரம் மொஃபிசுல்
பாதையோரம் ஒரு மீட்டர் மட்டும் வெட்டினான்,
சேலைக்குக் கரை பிடித்தாற்போல் நேராக.
உள்ளே லாலாங், செந்தூடோக், பெயரில்லாத ஊதாப்பூ
அவரவர் இஷ்டத்துக்கு.
போகிறவர்கள் இப்போது அதைத் தோட்டம் என்கிறார்கள்.
வெட்டியது ஒரு மீட்டர்தான்.

வியாழன் புகையடிக்க வருகிறார்களாம்.
முதலில் பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக்
கவிழ்த்துப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன்.
இன்னும் பதில் இல்லை.

இன்று காலை, புகார் எண் பதினெட்டு. ஐந்தாம் மாடி, திரு லோ.
"இரவெல்லாம் சில்வண்டுச் சத்தம்.
முன்பு இப்படி இருந்ததில்லை."

தங்கள் கருத்துக்கு நன்றி,
என்று தட்டினேன்.
இந்த முறை அதற்குமேல்
எழுத ஒன்றுமில்லை.
நன்றி, உண்மையாகவே
நன்றி.