சிந்தும் இடம்

வேப்பனப்பள்ளி பஸ்ஸில் வந்து
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இறங்கி
ஆஸ்பத்திரி வரை நடந்தே வந்திருக்கிறார்கள்.
தி. லோகித். வயது ஒன்பது. நான்காம் வகுப்பு.
அனுப்பிய காரணம் என்ற கட்டத்தில்
பள்ளியிலிருந்து யாரோ எழுதியது:
கவனமில்லை, எதையும் கீழே போடுகிறான்.

கண் டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை.
நரம்பு டாக்டரும் சுத்தியலால் முழங்காலைத் தட்டி
ஒன்றுமில்லை என்றார்.
ஒன்றுமில்லை என்பதற்கு அப்புறம்தான்
என் அறை.

தரையில் டேப் ஒட்டிய கோடு.
குதிகாலோடு பெருவிரல் ஒட்ட நட என்றேன்.
மூன்றாம் அடியில் கோடு விலகிக்கொண்டது.
அவன் விலகினான் என்றுதான் எழுத வேண்டும்,
எழுதினேன்.

பந்து. பத்துக்கு இரண்டு.
மணி கோர்த்தல். ஸ்டாப்வாட்ச்சை
மேசைக்கடியில் ஒளித்துத்தான் அழுத்துவேன்,
அந்தச் சின்ன 'டிக்' எப்படியோ கேட்டுவிடுகிறது,
தோள் காதுவரை ஏறிவிடுகிறது.
ஆறாவது மணி உருண்டு பீரோவுக்கடியில் போனது.
அவன் அம்மா சென்னம்மா
மாங்கூழ் கம்பெனியில் சீசனுக்குப் பழம் அரிகிறவள்;
முந்தானைக்குள் அவள் விரல்கள்
வெறுங்காற்றைக் கோர்த்துக்கொண்டிருந்தன,
வேக வேகமாக.

கேள்வித்தாள் அவளுக்கு.
ஷூ லேஸ் கட்டுவானா?
'லேஸ் வெச்ச ஷூவுக்கு எங்க போறது மேடம்.'
சைக்கிள்?
'அவங்கப்பா தொட உடமாட்டாரு, வுழுந்துடுவான்னு.'
சட்டை பட்டன்?
மூன்று பேரும் சட்டையைப் பார்த்தோம்.
இரண்டு பட்டன், ஒரு ஊக்கு.
முடியாது என்பது வேறு,
கொடுத்துப் பார்க்கவில்லை என்பது வேறு,
தாளில் இரண்டுக்கும் ஒரே கட்டம்.

கூட்டிப் பார்த்துச் சொன்னேன்:
நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால்
கடைசி ஐந்து பேரில் ஒருத்தனாக நிற்பான்.
சோம்பேறித்தனம் இல்லம்மா, திமிரும் இல்லை.
மூளை போடுகிற திட்டம்
கைக்கு வந்து சேர்வதற்குள் கலைந்துவிடுகிறது.
அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.
'அந்த நூறு பேரு யாரு மேடம்?'

எங்கேயோ, கடல் தாண்டி,
ஷூவுக்கு லேஸ் இருக்கிற பிள்ளைகள்.
அதை நான் சொல்லவில்லை.

கடைசிக் கேள்வி அவனுக்கு.
இதற்கு மார்க் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.
உனக்கு என்ன செய்ய வரணும், லோகித்?
கையெழுத்து என்பான் என்று நினைத்துப்
பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.
'சாம்பார் தட்டு' என்றான்.
அண்டாவிலிருந்து புளியமரம் வரைக்கும்
சிந்தாமல் கொண்டுபோகணும்.
'இருவத்திமூணு அடி. எண்ணி வெச்சிருக்கேன்.'

என் சோதனைப் பெட்டியில் சாம்பார் இல்லை.
என் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி
இருநூறு மில்லி தண்ணீர் ஊற்றினேன்.
வராந்தாவுக்குப் போனோம்.
நட, என்றேன். ஸ்டாப்வாட்ச் அறையிலேயே கிடந்தது.

நடந்தான்.
நாக்கு உதட்டோரம் துருத்த, முழங்கை விலாவில் ஒட்ட,
இருபத்திமூன்று அடியும்.
திரும்ப அளந்தால் நூற்று நாற்பது.

ஆனால் மொசைக் தரையைக் குனிந்து பார்த்தபோது
முதல் பத்து அடிக்கு ஒரு சொட்டு இல்லை.
பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று:
அங்கேதான் மொத்தமும் கொட்டியிருந்தது.
அப்புறம் மறுபடி காய்ந்த தரை.
அந்த இடத்தில் வராந்தாவில்
ஒரு காலி பெஞ்சு தவிர ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தில் இந்த இடத்தில் யார் உட்காருவா?

தட்டைப் பார்த்தான், காலைப் பார்த்தான்.
'அஞ்சாங்கிளாஸ் பசங்க.'

சென்னம்மா முந்தானையோடு
சட்டென்று தரையில் குனிந்தாள்.
துடைக்காதீங்கம்மா, என்றேன்,
இன்னும் எழுதி முடிக்கலை.