ஐந்து ஆம்பியர்

பஸ்ராவில் ஆகஸ்ட்.
இரவு பதினொன்றுக்கும் சுவர் கையைச் சுடும்.
தெருமுனை ஜெனரேட்டரில் எங்கள் பங்கு
ஐந்து ஆம்பியர்.
அதில் தண்ணீர்க் கூலர் ஓட வேண்டும்,
அம்மாவின் இன்சுலின் இருக்கும் பிரிட்ஜ் ஓட வேண்டும்,
மிச்சம் மீதியில்
தம்பி நிப்ராஸ் பனிமலை ஏற வேண்டும்.

ஏறுகிறான்.
திரையெல்லாம் வெள்ளை.
விரலுக்கடியில் விசைகள் ரொட்டிக்கல்.
மூலையில் சின்னதாக ஓர் எண்: தொண்ணூற்றேழு.
பாதி மலையில் படம் அப்படியே நின்றுவிட்டது.
"அக்கா, உறைஞ்சு போச்சு" என்கிறான்.
சூட்டில் உறைகிற ஒரே பொருளை
அன்றுதான் பார்த்தேன்.

அஷார் சந்தையில் போன் பழுது பார்ப்பவள் நான்.
திருப்புளி இல்லாமல் தூங்கப் போனதில்லை.

முதலில் செலவில்லாத வைத்தியம்:
நான்கு சோடா மூடிகள், பின்புறக் கால்களுக்கு அடியில்.
விரலளவு இடைவெளி. காற்று குனிந்து உள்ளே போனது.
தொண்ணூற்றிரண்டு.

அப்புறம் அவன் சேர்த்து வைத்த பணத்தில்
ஆறு விசிறி வைத்த ஒரு கூலிங் பேட்.
சுற்றிலும் நீல விளக்கு, கல்யாண மண்டபம் மாதிரி.
விளக்கு காற்றடிக்காது தம்பி, என்றேன்.
கேட்கவில்லை.
போட்டுப் பார்த்தால் தொண்ணூற்றொன்று.
ஒரே ஒரு டிகிரிக்கு
ஒரு மாதச் சிற்றுண்டி.

கவிழ்த்துப் பார்த்தேன்.
இது ஊதும் இடத்தில் அதற்கு மூக்கில்லை,
அதற்கு மூக்குள்ள இடத்தில் இது ஊதவில்லை.
சேர்ந்து வாழ்ந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு பேர்.

வார் அறுந்த என் ரப்பர் செருப்பை எடுத்து
அடிப்பாகத்தை பிளேடால் கீற்றுக் கீற்றாக நறுக்கி
பேடின் விளிம்பெல்லாம் ஒட்டினேன்,
காற்று பக்கவாட்டில் நழுவாதபடி.
பதினொரு திருகாணி.
(ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.)
மூடியைத் திறந்தால்
விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே
பாலைவனம் ஒரு கம்பளி நெய்து வைத்திருந்தது.
சிப்பின் மேல் பழைய பசை
காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
துடைத்தேன். பருப்பளவு புதுப் பசை.
விசிறிக்கு நேராக மூடியில் ஒரு சன்னல் வெட்டி
கொசுவலைத் துண்டு ஒட்டினேன்.
நிப்ராஸ் மூச்சு விடவில்லை,
அவனைத்தான் அறுத்துக்கொண்டிருப்பதுபோல்.

எண்பத்தொன்று.

அவன் குதித்த குதியில் அம்மா விழிக்கவில்லை,
கால்களை மட்டும் இழுத்துக்கொண்டாள்.
அப்போதுதான் கவனித்தேன்:
பின்புறத் துவாரம் அவள் பாதத்தைப் பார்த்து
கொதிக்கக் கொதிக்க ஊதிக்கொண்டிருந்தது.
சூடு எங்கே சாகிறது.
வீடு மாறுகிறது, அவ்வளவுதான்.
மேசையைச் சன்னல் பக்கம் திருப்பினோம்.
வெளியே, ஸுபைர் பக்கம்
எரிவாயு கொழுந்துவிட்டு வானத்தைச் சுட்டது,
இரவும் பகலும் போல இன்றைக்கும்.
அதற்கு அடியில் வைக்க
யாரிடமும் சோடா மூடி இல்லை.

ஹெட்போனில் ஸிந்த்ரே.
நார்வேயின் வடகோடியில் ஹம்மர்ஃபெஸ்ட்டிலிருந்து
தம்பியோடு அதே மலை ஏறுகிறவன்.
அவன் இயந்திரம் ஐம்பத்தெட்டு டிகிரிதானாம்.
விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு
அதன் பக்கவாட்டில் கை காய்கிறானாம்.
பூனையும் அங்கேதான் படுக்குமாம்.
"உங்க சூட்டுல கொஞ்சம் அனுப்பேன்" என்றானாம்.
நிப்ராஸ் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்.
எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை.
எந்தக் குழாயில் அனுப்புவது என்று
நிஜமாகவே ஒரு நிமிடம் யோசித்தேன்.

பன்னிரண்டு அடிக்க ஜெனரேட்டர் நின்றது.
கூலர் நின்றது. பிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி நின்றது.
பேடின் நீல விளக்கு போனது.
லேப்டாப் மட்டும் பேட்டரியில்,
குரலைத் தாழ்த்திக்கொண்ட விருந்தாளியாய்,
என் போனின் நெட்டைப் பிடித்தபடி.
எழுபது. அறுபத்தாறு. அறுபத்திரண்டு.
இவ்வளவு வெட்டி ஒட்டியும்
நான் காணாத எண்.

"என்ன ஆச்சு?" இருட்டில் ஸிந்த்ரே.
"பின்னால எப்பவும் ஒரு சத்தம் கேட்குமே,
மழை மாதிரி,
அது எங்கே?"