இடது தொடை, பக்கவாட்டுத் தோற்றம்

மூச்சைப் பிடிக்க வேண்டாம், தொடைக்குத்தான் எடுக்கிறோம் என்றேன்.
அப்படியும் பிடித்துக்கொண்டார்.

பனகல் சாலையில், பெரியாஸ்பத்திரிக்கு எதிர்வரிசை,
மூன்றாவது மாடி. லிப்ட் ஓடவில்லை.
மாணிக்கம்பட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்து
எழுபத்துநாலு வயதுக் காலைப் படிப்படியாகத் தூக்கிவைத்து
வந்திருந்தார் மொக்கச்சாமி.
சி.டி. வேண்டாம், பிலிம்தான் வேண்டுமாம்,
மனுவோடு சேர்த்துப் பின் அடிக்க.

பாலமேட்டுப் பக்கத்து ஆளுக்குத் தொடையில் தழும்பிருந்தால்
யாரும் கேட்பதில்லை. மாடுதான்.
எந்த வருசம், யார் வீட்டுக் காளை, என்ன நிறம் என்பதுவரை
ஊரே பேசி முடித்துவிட்டது.
"செவலைன்னு சொன்னாக. சரின்னுட்டேன்."

திரையில் எலும்பு வந்தது.
ஒரு விரற்கடை தள்ளி, சதைக்குள்,
எலும்பைவிட வெளுப்பாக
உடைந்த புளியங்கொட்டை போல ஒன்று.
உலோகம் அப்படித்தான் தெரியும்.
பதினோரு வருடத்தில் தையல் ஊசி, ஆணி,
பிள்ளைகள் விழுங்கிய ஒரு ரூபாய் எல்லாம் பார்த்தாயிற்று.
ஐம்பத்துநாலு வருடம் உள்ளேயே குடியிருந்ததை
இப்போதுதான்.

எழுபத்தொன்று டிசம்பர். மேற்கு எல்லையில் ஒரு கரும்புக்காடு.
கண்ணிவெடி எடுத்த தடத்தில்
பின்னால் வருகிறவர்கள் பார்த்துக் கால்வைக்க
வெள்ளை நாடா விரித்துக்கொண்டே போவது இவர் வேலை.
குண்டு விழுந்தது.
அதே நாடாவில் ஒரு முழம் கிழித்துத் தொடையைக் கட்டிவிட்டு
மிச்சத்தை விரித்தாராம்.

அன்றே காட்டிப் பதிந்திருந்தால்
காயப் பதக்கம் வந்திருக்குமே, பெரியவரே?

பெல்ட்டுக்குத் துளை தேடியபடி சொன்னார்:
"பக்கத்து ஸ்ட்ரெச்சர்ல அருமைநாயகம், நாசரேத்துக்காரன்.
ரெண்டு காலும் இல்ல தாயி.
பேரெழுதுறவன் அவனை முடிச்சு எங்கிட்ட வந்தான்.
ஒண்ணுமில்ல, கீறல்தான்னுட்டேன்."

ஏற்கெனவே போன மனு திரும்பி வந்துவிட்டது:
அப்படி ஓர் ஆள் இல்லை.
பட்டாளத்தில் சேர்த்த இந்திக்காரர் நாக்கில்
மொக்கச்சாமி நிற்காமல் வழுக்கி
மோகன்சாமி ஆகிவிட்டாராம்.
பென்சன் மோகன்சாமிக்கு வருகிறது.
மழைக்கு முன்னால் கடுப்பது மொக்கச்சாமிக்கு.

வெளியே உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல்
என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார் பவுன்தாயி.
போன மாசம் இடுப்புக்கு ஸ்கேன் எழுதியபோது
உடம்பில் இரும்பு உண்டா என்றார்களாம்.
உண்டு என்றாராம் இவர்.
அதிலிருந்து வீட்டில் பேச்சில்லை.
"மாடு குத்துனா இரும்பு எப்பிடிம்மா உள்ள போகும்?
ஊருக்குச் சொல்லட்டும் பொய்யி.
நாப்பத்தேழு வருசம் ஒரே பாயில படுத்தவளுக்குமா?
இனி இந்தாளு வாயால சொன்னா நம்பமாட்டேன்.
கவருமெண்டு எழுதிக் குடுக்கட்டும்."

பிலிமை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
கீழே ஆட்டோக்காரர்கள் சண்டை.
"இது வலிக்குமா?"
என்னிடம்தான் கேட்டார். எனக்கெப்படித் தெரியும்.
"மார்கழியில" என்றார் மொக்கச்சாமி
செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே.
அந்தம்மா எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல
உதடு மட்டும் அசைய நின்றார், கொஞ்ச நேரம்.

பெயர்க் கட்டத்தில்
மொக்கச்சாமி என்கிற மோகன்சாமி என்று அடித்தேன்.
கணினிக்கு அவ்வளவு இடமில்லை.
மொக்கச்சாமி என்கிற மோ-வில் நின்றுவிட்டது.
மிச்சத்தை உறையின்மேல் பேனாவால் எழுதினேன்.

முந்நூற்றைம்பது ரூபாய்.
கேன்டீன் அட்டையை நீட்டி, இதுக்குக் கழிவு உண்டா என்றார்.
அதற்கும் எங்களிடம் கட்டம் இல்லை.
மூத்த குடிமக்கள் என்று போட்டுப் பத்து சதம் குறைத்தேன்.
மீதியைப் பவுன்தாயி
இரண்டு தடவை எண்ணித்தான் வாங்கினார்.