காட்சி முப்பத்தொன்று

காட்சி முப்பத்தொன்று. வெளி. பகல்.
அவள் விழுகிறாள்.

இரண்டே சொல்.
காட்பாடியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது
டீ ஆறுவதற்குள் எழுதியது.

முனவ்வர் படித்துவிட்டு
காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.
"எவ்ளோ உயரம்?"
எழுதவில்லை.
"குப்புறவா, மல்லாந்தா?
கால்ல செருப்பு கீதா?
தள்ளி உட்டாங்களா, அவளே குதிக்கிறாளா?"
எழுதவில்லை.
"அப்பறம் இன்னாதாம்மா எழுதினே?"

பாலாற்றில் தண்ணீர் இல்லாததுதான்
எங்கள் படத்துக்குக் கிடைத்த ஒரே மானியம்.
ரயில் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி
சீமைக் கருவேலை வெட்டி, சாரம் கட்டி,
ஆம்பூர் ஷூ கம்பெனி எடைக்குப் போட்ட
அட்டைப்பெட்டிகளை வேனில் ஏற்றி வந்து அடுக்கினோம்.
மூலை நசுங்கியிருந்தால் முனவ்வர் தூக்கி எறிவான்.
உள்ளே காற்று முழுசாக இருக்கவேண்டும்.
"பொட்டிதான் சாவணும். ஆளு இல்ல."
ஒவ்வொரு பெட்டியிலும்
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று
கடல் தாண்டி நடக்கும் யாருடையவோ
பாத அளவு.

எப்சிபா
பேரணாம்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள்.
கதாநாயகியின் சுடிதார் அவளுக்குத் தோளில் பிடிக்கிறது.
முதல் வாரம் முழுக்க மணலிலேயே விழுந்தாள்:
உட்கார்ந்து, முட்டி போட்டு, அப்புறம் நின்று.
மோவாயை நெஞ்சில் ஒட்டு.
கையை ஊன்றாதே.
மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு போகாதே.
அடுத்த வாரம் ஆறடி. அதற்கடுத்து பதினொன்று.
ஒவ்வொரு முறையும் எழுந்து
தலையில் ஒட்டிய அட்டைத் தூளைத் தட்டி
"இன்னொருவாட்டி" என்றாள்.

எனக்குப் பகலில் வேறு வேலை.
ஆஸ்பத்திரிப் பதிவறையில் தட்டச்சு.
'உயரத்திலிருந்து விழுந்தவர்',
அதற்கென்று தனி எண் உண்டு.
பனைமரம், மொட்டைமாடி, கிணற்று மேடு.
சித்தூரிலிருந்து வருவார்கள், திருப்பத்தூரிலிருந்து வருவார்கள்.
இன்னொருவாட்டி என்று
ஒருத்தரும் சொன்னதில்லை.
அந்தப் புதன்கிழமை ஒரு கோப்பு:
பெண். வயது இருபத்து நான்கு.
கால் தவறி விழுந்ததாகக் கணவர் கூறினார்.
அவள் கூறியதற்கான இடத்தில்
ஒரு சின்னக் கோடு.
அந்தக் கோட்டையும் தட்டச்சு செய்தேன்.

இரவே காட்சி முப்பத்தொன்றை அடித்துவிட்டேன்.

ஆற்றில் போய்ச் சொன்னபோது
இயக்குநர் அருள்வேந்தனுக்கு நிம்மதி,
சாரத்து வாடகை மிச்சம்.
முனவ்வர் ஒன்றும் சொல்லாமல்
ஒரு நல்ல பெட்டியின்மேல் உட்கார்ந்து
அதை நசுக்கினான்.
எப்சிபாதான் கேட்டாள்:
"அத எட்த்துட்டா
இந்தப் படத்துல நான் எங்கக்கா கீறேன்?"

கையில் நூற்றுப் பதினான்கு பக்கம்.
புரட்டினேன், சும்மா,
புரட்டாமல் நிற்க முடியாததால்.

பிறகு அந்த நசுங்கிய பெட்டியின் மூடியைக் கிழித்து
பின்பக்கம் எழுதினேன்.
பதினெட்டு அடி. மல்லாந்து.
ஒரு செருப்பு மேலேயே கிடக்கிறது,
பக்கத்தில் ஓர் ஆண் செருப்பு.
காமிரா வெட்டாமல் அவள்மேல் நிற்கிறது.
அவள் எழுகிறாள். முகம் தெரிகிறது.

"முகம் மாறுதே" என்றான் அருள்வேந்தன்,
"ஹீரோயின் இல்லியே அது."
"மாறட்டும்" என்றேன்.
ஏன் என்று அவன் கேட்டிருந்தால்
என்னிடம் பதில் இல்லை.

அவளுக்கு ஒரு வசனமும் இருந்தது:
எனக்குக் கால் தவறல.

எப்சிபா மூடியை வாங்கி வாசித்தாள்.
இன்னொரு முறை வாசித்தாள்.
உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.
சாரத்தின் உச்சியில் துடைத்து நான் பார்த்ததில்லை.
"இத எப்டிக்கா சொல்றது?"

எனக்கு முன்னால் முனவ்வர் சொன்னான்:
"மொதல்ல உக்காந்து சொல்லு.
அப்பறம் முட்டி போட்டு.
நிக்கிறது அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அவள் மணலில் உட்கார்ந்தாள்.
வாயைத் திறக்கும் நேரம்
பாலத்தில் ஒரு சரக்கு ரயில்.
பெட்டிகளை எண்ணிக்கொண்டு
போகட்டும் என்று காத்திருந்தோம்.