இடது கைக்கு ஒன்று

கோல்ஃப் என்றேன்.
"கல்ஃபா? துபாயா, குவைத்தா?" என்றார்
கல்லுக்கட்டி விளையாட்டுச் சாமான் கடைக்காரர்.
கையை வீசிக் காட்டினேன்.
ஹாக்கி மட்டையை எடுத்து வைத்தார்.

கடைப் பையன் ரியாஸ் கைப்பேசியில் தேடிப் பார்த்து
"ஒரு கைக்குத்தான் உறையாம் அண்ணே" என்று சிரித்தான்.
அப்ப மிச்சக் கை?
மிச்சக் கை சும்மா இருக்கும்.
எனக்கு இடது கைப் பழக்கம், ஆகவே உறை வலதுக்கு.
சொல்லி முடிப்பதற்குள்
விக்கெட் கீப்பர் உறை ஒரு ஜோடி பில்லாகிவிட்டது.
ரத்து செய்யச் சொல்லி ரசீதை நீட்டினால்
"வலது கையால கொடும்மா."

சட்டைக்கு அவ்வளவு கஷ்டமில்லை.
ஜோகூரில் நாலு வருஷம்
மைதானத்து ரசீது ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் நான்.
காலர் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்,
ஒருமுறை ஒரு டத்தோவையே.
பள்ளத்தூர் தாண்டி, வற்றிய கண்மாய்க்குள்
காலர் எங்கே என்று கேட்க ஆடுகள்தான் உண்டு.
ஆனாலும் வேண்டும். எனக்கு வேண்டும்.
பெண்கள் பிரிவில் பூ இருந்தது, மணி இருந்தது, ஜரிகை இருந்தது.
பதினாலு வயசுப் பையன்கள் அடுக்கில்
ஏதோ பள்ளிக்கூடத்துப் பச்சை அணிச் சட்டை,
முதுகில் ஒன்பது, விலை நூற்றெண்பது.

பேண்டுக்கு சேவுகன் டைலர்.
"பந்து வைக்கப் பையா? எத்தனை பந்து?"
மூன்று.
எலுமிச்சம்பழம் மூன்று வாங்கிவரச் சொல்லி
வைத்துப் பார்த்துத் தைத்தார்.

மட்டையில்தான் சிக்கல்.
இருக்கிற ஒன்றும் ஜெபமாலையுடையது, வலது கைக்கானது.
திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அடித்தே
ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன்.
இடது கைப் பெண்களுக்கு என்று இணையத்தில் போட்டால்
வருகிற விலை என் எட்டு மாத வாடகை.

அப்புறம்தான் முனீஸ்வரன் கோயில் தெரு.
சாத்தையா கடையில்
தூக்குவாளிகள், ரசம் போன கண்ணாடி, கால் ஒடிந்த நாற்காலி,
அதற்கும் பின்னால்
குடைகளோடு குடையாக ஏழு கம்பு.
மரத்தண்டு, துருவேறிய தலை.
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.
ஆறும் வலது.
ஏழாவது
என் பக்கம் பார்த்தது.

"தேவகோட்டை வீடு. கதவுக்குப் பின்னாடி கெடந்துச்சு.
பாம்படிக்க வச்சிருந்தாங்க."
எந்தக் கையால் என்று நான் கேட்கவில்லை.
"ஏழாயிரம். ஹோட்டல்காரங்க கேட்டிருக்காங்க,
செவத்துல மாட்ட."
ஆடப்போகிறேன் என்றதும் அவர் முகத்தில் வந்தது
இரக்கமா பயமா தெரியவில்லை.
"ஆடினா ஒடைஞ்சிரும்மா. மாட்டிவைங்க, போதும்."

கனம் பார்க்கத்தான் எடுத்தேன்.
கால் தானாக அகன்றது, இடுப்பு திரும்பியது.
பாதி வீச்சில் நிறுத்தியும்
எனாமல் குவளை ஒன்று அலமாரியிலிருந்து உருண்டு
உதட்டில் நீலம் உதிர்ந்து நின்றது.

தொள்ளாயிரம்.
பேரம் பேச வாயில்லை.
முன்பணமாகக் கொடுக்க மடித்து வைத்திருந்ததை
இடது கையால்தான் நீட்டினேன்.
சாத்தையா எண்ணிக் கல்லாவில் போட்டார்.
கம்பைக் குடைகளுக்குள் திரும்பச் சொருகினார்,
முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி.
"ஹோட்டல்காரங்க ஒண்ணாந்தேதிக்கு மேலதான் வருவாங்க" என்றார்
யாரிடமோ சொல்வதுபோல.
கூரியர் ஆபீசில் சம்பளம் முப்பதாம் தேதி.

ஞாயிறு காலை, கண்மாய்.
இதுவரை கொட்டாங்குச்சி கிடந்த குழியில்
குவளையை இறக்கினோம்.
அதன் காதுக்குத் தனியாகக் கொஞ்சம் தோண்டினாள் அழகுமீனாள்.
ஜெபமாலையின் மட்டை, அதன் முதுகு,
எலுமிச்சம்பழப் பையிலிருந்து ஒரு பந்து.
ஒன்பதாவது அடியில் விழுந்தது.

டங்.

ஆடு ஒன்று தலைதூக்கிப் பார்த்தது.
கொட்டாங்குச்சி ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.
"அதை எடுத்து," என்றார் ஜெபமாலை,
"இன்னொரு தடவை போடுங்க."